பிழைத்தவள் போட்டிருந்த துப்பட்டி

முற்றத்தில் ரத்தம் கலக்கிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்மில்க் எசென்ஸ், மைதா, கொஞ்சம் காப்பித்தூள். மெட்ராஸிலிருந்து வந்த பையன் ஷமீராவின் குழம்புச் சட்டியையே இரவல் வாங்கி, அவளுடைய அகப்பையாலேயே கிண்டிக்கொண்டிருந்தான். நடுநடுவே சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். இனிப்பு வாசனைக்கு ஈ மொய்த்தது. அந்தச் சட்டியை இனி அடுப்பில் ஏற்றுவதில்லை என்று ஷமீரா அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில், ரோட்டுக்கும் வயலுக்கும் நடுவே, வீட்டுக்கு ஒரு ஆளாவது வளைகுடாவில் இருக்கிற தெரு அது. பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில் பட்டப்பகலில் ஒரு கொலை நடந்தது. செத்தவள் ஹமீதா பானு, வீட்டின் மூத்த மருமகள். தப்பியவள் ஷமீரா, இளைய மருமகள். ஒரு தனியார் டி.வி. சேனல் அதை 'உண்மைச் சம்பவம்' என்று நடித்துக் காட்ட வந்திருந்தது. செத்தவளின் புருஷன் அப்துல் அஜீஸ் மறு கல்யாணம் செய்துகொண்டு சவூதியில் தமாமில் இருந்தான். பொம்பளைகளுக்கு ஒரு பாடமாக இருக்கட்டும், தாராளமாக எடுக்கட்டும் என்று அங்கிருந்தே போனில் சம்மதம் கொடுத்துவிட்டான். பாடமாம். பெண்டாட்டி செத்ததில் பாடம் கண்டுபிடித்த மகராசன்.

ஷமீரா ஒத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. ஹமீதாவின் மகள் இர்ஃபானா அப்போது ஒன்றாம் வகுப்பு, இப்போது பிளஸ் ஒன். அவளைத் தூக்கி வளர்த்தது ஷமீராதான். அந்தப் பெண் தன் தாயை 'அம்மா' என்று வாய்விட்டுச் சொல்லி ஷமீரா கேட்டதில்லை. 'அவங்க' என்பாள். வருஷா வருஷம் ஹமீதா பேரில் பாத்திஹா ஓதும் நாளில் சொல்லிவைத்தது போல் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். அவள் அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரு அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. தெரு சொல்லிக்கொடுத்த பாடம் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி மறந்தா போகும்?

தெரு சொன்ன கதை இதுதான். ஹமீதா பானு சத்தம் போட்டுச் சிரிப்பவள். மொட்டை மாடியில் நின்று தலை காயவைப்பவள். அரைகுறைத் துணியோடு வெள்ளைக்காரிகள் ஓடுகிற படத்தை வீடியோ டெக்கில் போட்டு, தலைவிரி கோலமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், செத்தாள். ஷமீரா உள்ளறையில் தொழுகையில் இருந்தாள். அல்லாஹ் அவளைக் கீறல்கூட படாமல் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

இதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை, அந்தச் சிரிப்பைத் தவிர. ஹமீதா நன்றாகச் சிரிப்பாள்.

டெக் வந்த புதிதில் அந்தத் தெருவே மத்தியானத்தில் படம் பார்த்தது. ஹபீப் முகம்மது கடையில் தமிழ்ப் படங்கள் தீர்ந்த பிறகு இங்கிலீஷ் கொலைப் படக் கேசட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். ஒரு வார்த்தை புரியாது. புரிய என்ன இருக்கிறது? ஒரு வீடு, நாலைந்து பெண்கள், முகமூடி போட்ட ஒருத்தன். ஷமீராவுக்கு அப்போது பத்தொன்பது வயது, புதுப்பெண். லாத்தா என்றுதான் ஹமீதாவைக் கூப்பிடுவாள். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே லாத்தா விரலை நீட்டி, இவள் சாவாள், இவள் சாவாள், அதோ கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருக்கிறாளே அவள் மட்டும் பிழைப்பாள் என்று சொல்லிவிடுவாள். ஒரு தடவைகூடத் தப்பாது. சொல்லிவிட்டு அவளே முகத்தைச் சுளிப்பாள்.

"குளிச்சா சாவு, சிரிச்சா சாவு, ஒருத்தனோட பேசுனா சாவு. சீ, கத்தி வச்சிருக்கறவன விட இந்தப் படத்த எடுத்தவன் அழுக்குப் புடிச்சவன்டி," என்பாள்.

அழுக்கு அழுக்கு என்று சொல்லிக்கொண்டே அடுத்த கேசட்டுக்கும் ஆள் அனுப்புவாள். அதுவும் உண்மைதான்.

அன்றைக்கு நடந்ததை ஷமீரா எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பகல் தொழுகைக்கு அசர் பாங்கு சொன்னதும் லாத்தா எழுந்து, கை கால் கழுவி ஒளூச் செய்துவிட்டு, தொழுகைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஷமீரா எழுந்திருக்கவில்லை. இந்த ஒருத்தி என்ன ஆகிறாள் என்று பார்த்துவிட்டு வருகிறேன் லாத்தா என்று சொல்லி, டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். கொல்லைப்பக்கமாக ஒரு திருடன் வந்தான். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் வீட்டு பீரோவைத் தேடி வந்தவன். உள்ளே லாத்தா கத்தினாள். அதே நேரத்தில் படத்திலும் ஒருத்தி கத்திக்கொண்டிருந்தாள். எது எந்தச் சத்தம் என்று ஷமீராவுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று. அதற்குள் லாத்தா கையில் ரத்தம் வழிய ஓடிவந்து, ஓடுடி என்றாள்.

ஷமீரா வாசலுக்கு ஓடினாள். வாசலில் நின்றுவிட்டாள்.

வாசல் சுவர் ஆணியில், வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் துப்பட்டி இல்லை. துவைத்துக் கொல்லையில் காயப்போட்டிருந்தாள். அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து துப்பட்டி இல்லாமல் அவள் வாசற்படி தாண்டியதில்லை. எந்தப் பெண்ணும் தாண்டியதில்லை. வீட்டுக்குள் கத்தியோடு ஒருத்தன் நிற்கிறான், இவள் கை சுவரில் துணியைத் தேடுகிறது. இதைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். அந்தத் தெருப் பெண்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள், அவர்கள் கையும் ஆணியைத்தான் தேடியிருக்கும். லாத்தா தன் தலையில் இருந்த துப்பட்டியை உருவி, இவள் தலையில் போட்டு, முதுகில் கை வைத்து வெளியே தள்ளினாள். அடுத்த நொடி அவன் லாத்தாவின் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். அந்தக் கூந்தல்தான் பிறகு ஊருக்குத் தலைவிரி கோலம் ஆயிற்று.

ஷமீரா எதிர்வீட்டு மரியம் பீவியின் கதவைத் தட்டினாள். பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டினாள். மரியம் பீவி உள்ளிருந்தபடியே, படத்தைப் பார்த்துவிட்டு விளையாடுகிறார்கள் என்று யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. மாட்டுக்குப் புல் கட்டோடு அந்த வழியாக வந்த காளியம்மாள்தான் கட்டைக் கீழே போட்டுவிட்டுத் தெருவில் நின்று கூப்பாடு போட்டாள். தெரு நடுவில் எழுந்த சத்தம் படச் சத்தமாக இருக்க முடியாது என்பதால் கதவுகள் திறந்தன. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது, ஓடிக்கொண்டிருந்த டி.வி.யும் அதன் முன்னால் முக்காடில்லாமல் கிடந்த ஹமீதாவும். வெளியே வாசற்படியில் வெள்ளைத் துப்பட்டியோடு ஷமீரா. பார்த்த உடனே அவர்களுக்குக் கதை கிடைத்துவிட்டது. கதவைத் திறக்காதவர்களுக்கு அந்தக் கதை அவசரமாகத் தேவையும்பட்டது.

கொன்றவன் மூன்று மாதத்தில் பிடிபட்டு ஜெயிலுக்குப் போனான். அவன் பேரைக்கூட ஊர் மறந்துவிட்டது. ஹமீதா தலையில் துணி இருந்ததா இல்லையா என்பதை மட்டும் மறக்கவில்லை.

ஷமீரா உண்மையை மறைத்தவள் அல்ல. முதல் நாளிலிருந்தே, தொழுதது லாத்தாதான் என்று போலீசிடம் சொன்னாள், ஜமாஅத்தில் சொன்னாள், ஷார்ஜாவிலிருந்து போன் செய்த தன் புருஷன் பாசித்திடம் சொன்னாள். யாரும் நம்பவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. சொல்லச் சொல்ல இவள் பெருமைதான் ஏறியது. செத்தவளை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள் பார், எப்பேர்ப்பட்ட குணம், இப்படிப்பட்டவளை அல்லாஹ் கைவிடுவானா என்று கன்னத்தை வழித்துச் சொடுக்கிவிட்டுப் போனார்கள். இர்ஃபானாவும் அதையேதான் சொன்னாள். "நீங்க நல்லவங்க சின்னம்மா. அதான் அவங்களுக்காகப் பொய் சொல்றீங்க." ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் வளர்த்த பிள்ளையின் வாயிலிருந்தும் ஊரே பேசினால் என்னதான் செய்வது?

டி.வி.யில் வந்தால் இர்ஃபானா நம்புவாள் என்று ஷமீரா நினைத்தாள். அந்த நினைப்பில்தான் சேனல்காரர்களை வீட்டுக்குள் விட்டாள்.

டைரக்டர் ரெஜின் வேளாங்கண்ணிப் பையன். மரியாதையாகப் பேசினான். நீங்கள் சொல்கிறபடியே எடுக்கிறேன் அக்கா என்று போன வாரம் வந்து, அவள் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போனான். இன்றைக்கு உடுப்பு மாற்றி வந்த நடிகைகளைப் பார்த்தபோதுதான் அந்தத் தலையாட்டலின் லட்சணம் தெரிந்தது. ஹமீதாவாக நடிக்க வந்த ஷீபா, தஞ்சாவூர் நாடகக் கம்பெனிப் பெண். அவளுக்கு மெல்லிசான நைட்டி கொடுத்து, முடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். வருகிறவர்கள் கண் படாமலிருக்க அவள் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஷமீராவாக நடிப்பவளுக்கு முழங்கை மறைய ரவிக்கை, புது வெள்ளைத் துப்பட்டி, தொழுகைப் பாய்.

ஷமீரா ரெஜினிடம் போய், இது நேர்மாறாக இருக்கிறதே என்று கேட்டாள். அவன் சங்கடப்பட்டான். தானும் இந்த மாதிரிப் படங்களைப் பார்த்து வளர்ந்தவன்தான் என்றான். பிறகு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினான்.

"அக்கா, கடைசியில தப்பிக்கிற பொண்ணு நல்லவளா இருக்கணும். இல்லன்னா பாக்கறவங்க ஏத்துக்க மாட்டாங்க."

"அப்ப செத்தவ?"

அவன் குழம்புச் சட்டியை எட்டிப் பார்த்து, ரத்தம் இன்னும் கொஞ்சம் கெட்டியாக வேண்டும் என்று பையனிடம் சொன்னான். லாத்தா விரலை நீட்டிச் சொன்ன அதே சட்டம், பத்து வருஷம் கழித்து அவள் வீட்டுக் கூடத்திலேயே காமிராவைப் போட்டு உட்கார்ந்திருந்தது. ஷமீராவுக்கு அவனை வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் இர்ஃபானா அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள். தள்ளினால், நல்லவள் கோபப்பட்டாள் என்று அதையும் ஒரு சிறப்பாக எழுதிக்கொள்வார்கள்.

தெருப் பெண்களுக்கும் வேஷம் இருந்தது. கத்தல் கேட்டதும் ஓடிவந்து காப்பாற்றப் பார்க்கும் அண்டை வீட்டுக்காரர்கள். ஆமாம், ஓடிவருபவர்கள். மரியம் பீவி பெருநாளுக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டி, அதன் மேல் துப்பட்டியைப் போட்டு, சேலைக் கரை வெளியே தெரிகிற மாதிரி சரிசெய்துகொண்டு தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் காத்திருந்தார். காமிராவைக் கூடத்தில் வைத்து, திறந்த வாசல் வழியாக எதிர்வரிசைக் கதவுகள் தெரியும்படி ரெஜின் கோணம் பார்த்தான். ஒத்திகைக்கு ஒரு தரம் கத்தச் சொன்னான்.

ஷீபா கத்தினாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாக் கதவும் திறந்துவிட்டன. தடதடவென்று ஓடிவந்தார்கள். ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மரியம் பீவி எல்லாரையும் முந்திக்கொண்டு வாசற்படி ஏறி, மார்பில் அடித்துக்கொண்டு, யா அல்லாஹ் எங்க புள்ளைக்கு என்ன ஆச்சு என்று நிஜக் கண்ணீரோடு அழுதார். நன்றாக வந்தது என்று ரெஜின் கை தட்டினான். ஓடிவந்தவர்கள் மூச்சு வாங்கியபடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்தத் தெருவுக்கு இவ்வளவு வேகமாக ஓடத் தெரியும் என்பது ஷமீராவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சேற்றை வாரி வாயில் அடைத்தது போல் இருந்தது அவளுக்கு.

பாராட்டுக் கிடைத்த தெம்பில் மரியம் பீவி, தான் எல்லாம் அறிந்தவர் என்று காட்ட ஆரம்பித்தார். ஷமீராவாக நடிப்பவளைச் சுற்றிவந்து பார்த்து, துப்பட்டியைப் பிடித்து இழுத்தார்.

"இது இல்ல தம்பி. அன்னைக்கு ஷமீரா போட்டிருந்தது பச்சை ஓரம் வச்சது. ஓரம் பூரா சின்னச் சின்னப் பூ, கையால தச்சது. படியில உக்காந்திருந்தப்ப நான் கிட்ட நின்னு பாத்தேன்."

டீத் தட்டோடு வந்த இர்ஃபானா நின்றுவிட்டாள்.

அவள் நிற்பதற்குக் காரணம் அந்தக் கூட்டத்தில் ஷமீராவுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்குப் போட்டுக்கொண்டு போகிற துப்பட்டி வெறும் வெள்ளை. பச்சை ஓரம் வைத்தது வீட்டுக்குள்ளே தொழுவதற்காக ஹமீதா தானே தைத்துக்கொண்டது. அன்றைக்கு முன்னால் வெளி ஆள் யாரும் அதைப் பார்த்திருக்க வழியில்லை. ஒன்றுதான் தைத்தாள், அதை வேறு யாரும் போட்டுத் தொழுததில்லை. மிச்சத் துணியில் மகளுக்கு ஒரு சின்னத் துப்பட்டி தைத்து, அதே பூவைப் போட்டுக் கொடுத்தாள். பெரியதைப் போலீஸ் சாட்சிப் பொருளாகக் கொண்டுபோனது, திரும்பி வரவில்லை. சின்னது இர்ஃபானாவின் பெட்டியின் அடியில் கிடந்தது. பிடிக்காத அம்மா தைத்ததை அவள் போடவும் இல்லை, எறியவும் இல்லை.

இர்ஃபானா தட்டைத் தரையில் வைத்தாள். "நல்லாத் தெரியுமா பெரியம்மா? பச்சை ஓரந்தானா?"

"என் கண்ணு பொய் சொல்லுமா?" என்றார் மரியம் பீவி.

இர்ஃபானா ஷமீராவைப் பார்த்தாள். அம்மாவின் தொழுகைத் துப்பட்டி ஷமீராவின் தலைக்கு வந்தது என்றால், அது யார் தலையிலிருந்து வந்திருக்கும்? பத்து வருஷமாக நல்லவள் சொன்னபோது பொய்யாக இருந்தது, பழி சொன்னவள் வாயிலிருந்து வந்ததும் உண்மையாகிவிட்டது. ஷமீரா ஒன்றும் பேசவில்லை. பேசினால் இந்தப் பெண் மறுபடியும், நீங்கள் நல்லவர் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தாள்.

இர்ஃபானா உள்ளே போனாள். பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தச் சின்னத் துப்பட்டி இருந்தது. மடிப்புகள் மஞ்சளாகிப் போயிருந்தன, பச்சை மட்டும் அப்படியே இருந்தது. நேராக ஷீபாவிடம் போய் அதை நீட்டினாள்.

"அக்கா, இதப் போட்டுக்கிட்டு விழுங்க. எங்கம்மா தொழுதுக்கிட்டு இருந்தாங்க."

எங்கம்மா என்றாள். ஷமீரா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஜின் குறுக்கே வந்தான். அப்படி எடுத்தால் கதை நிற்காது, தொழுதுகொண்டிருந்தவள் எதற்காகச் சாக வேண்டும் என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள் என்றான். தப்பியவர் என்ன செய்துகொண்டிருந்ததாகக் காட்டுவது என்றும் கேட்டான்.

ஷமீரா தூணை விட்டு நகர்ந்து டி.வி.க்கு முன்னால் போய் நின்றாள். தலையிலிருந்த முக்காட்டைக் கழுத்துக்கு இறக்கினாள். தெருப் பெண்கள் அவள் தலைமுடியைப் பார்த்தார்கள்.

"நான் இங்க உக்காந்து இந்த மாதிரிப் படந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன் தம்பி. அன்னைக்குத் தொழுகல. தலையில துணி இல்ல, அதனால வாசல்ல நின்னுட்டேன். அவங்க துணிய எனக்குப் போட்டாங்க. அவ்வளவுதான் நான் பொழைச்சது. அவங்க எதுக்குச் செத்தாங்கன்னு யாராச்சும் கேட்டா, ஒருத்தன் கத்தி எடுத்துக்கிட்டு வந்தான், அதுக்குத்தான்னு சொல்லுங்க. பொம்பள என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்னு கேக்கறவன் அந்தக் கத்தியத் தொடைச்சுக் குடுக்கறவன்." பிறகு மரியம் பீவியின் பக்கம் திரும்பினாள். "உங்க கதவ நான் தட்டினேன். படம் பாத்துட்டு வெளையாடுறாளுவன்னு உள்ளேருந்து சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு."

இந்தத் தடவை யாரும் கன்னத்தை வழிக்கவில்லை. மரியம் பீவி, நன்றி கெட்ட ஜென்மம் என்று முனகினார். படம் பார்த்தேன் என்று வெட்கமில்லாமல் சொல்கிறாளே, அஜீஸுக்கும் பாசித்துக்கும் இன்றைக்கே போன் போடுகிறேன் என்றார். பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி படியிறங்கினார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. ஷமீராவுக்குப் பாசித்தை நினைத்துப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பத்து வருஷமாக அவள் மேல் பூசியிருந்த பிசுக்கு ஒன்று விட்டுப்போனது போலவும் இருந்தது.

ரெஜின் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வெளிச்சம் வேறு போய்க்கொண்டிருந்தது. ஷீபா அவனிடம் கேட்காமலேயே நைட்டிக்கு மேல் தன் சேலையைச் சுற்றிக்கொண்டு, சின்னத் துப்பட்டியைத் தலையில் போட்டுக்கொண்டாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தைத்தது தலையை மட்டும்தான் மூடியது. இர்ஃபானா அதைக் கன்னத்தோரம் சரிசெய்து, நாடியில் முடிச்சுப் போட்டுவிட்டாள். சரி, இப்படியும் ஒரு தரம் எடுத்துவைப்போம், எதைப் போடுவது என்று மெட்ராஸில் முடிவு செய்வார்கள் என்றான் ரெஜின். காமிரா ஓட ஆரம்பித்தது.

ஷீபா கத்தினாள். ஒத்திகையில் கத்தியதைப் போல இல்லை அது. வயலில் நின்ற கொக்குகள்கூட எழுந்து பறந்தன. சத்தம் தெருக்கோடி வரை போய்த் தேய்ந்தது.

திறந்த வாசலுக்கு வெளியே எதிர்வரிசைக் கதவுகள் எல்லாம் சாத்தியபடியே இருந்தன. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

ரெஜின் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆள் அனுப்பிக் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா, வந்தால் இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்று ஷமீராவிடம் கேட்டான்.

"வேணாம் தம்பி," என்றாள் ஷமீரா. "அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு. எடுத்துட்டீங்கல்ல?"